சைக்கிளில் வரும் வாடிக்கையாளர்
திராட்சைச் சீமை நம் உப்பளக் கரைக்குச் சொல்லும் பாடம்



கடைக்கு வருகிறவர்களைப் பல வகையாகப் பிரித்துப் பழகியவர்கள் நாம். ரொக்கம், கடன், மாதக் கணக்கு, கல்யாணச் சரக்கு என்று ஒவ்வொரு வகைக்கும் மனத்துக்குள் ஒரு பேரேடு உண்டு. அந்தப் பேரேட்டில் இன்னும் பக்கம் திறக்கப்படாத ஒருவர் இருக்கிறார். தலையில் கவசம், பின்னால் இரண்டு பை, சட்டையெல்லாம் வியர்வை. சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர். குயிலாப்பாளையம் கடைத்தெருவில் நாம் அவரை அன்றாடம் பார்க்கிறோம். மரக்காணம் சாலையில் ஞாயிறு காலையில் வரிசையாகவே போகிறார்கள். பார்க்கிறோமே தவிர, அவர் நம் வாடிக்கையாளர் என்று எண்ணியதில்லை.

இப்போது எண்ண வேண்டிய காலம் வந்திருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை நான்கு வழியாக்கும் பணி பகுதி பகுதியாக நடந்து வருகிறது. சாலை அகலமானால் கார் வேகம் கூடும். வேகமாகப் போகிற கார் சிறு கடையில் நிற்காது. பெரிய ஓட்டலிலும் பெட்ரோல் பங்க்கிலும்தான் நிற்கும். உள்ளூர் வீட்டுச் சரக்கோ பெரிய அங்காடிகளுக்கும், செல்போனில் சொன்னால் வாசலில் கொண்டு வந்து கொடுக்கிறவர்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு பேராலும் பறித்துக்கொள்ள முடியாத ஒரு வாடிக்கையாளர் உண்டென்றால், அவர் சைக்கிளில் வருகிறவர்தான். அவரைக் கொண்டு கிராமக் கடைகள் பிழைத்த கதை திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த நாடுகளில் இருக்கிறது. அதைப் பாடமாகப் படித்து, நம் கரைக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் இந்தப் பயணி?

சுமை இல்லாத சைக்கிளில் போய் வேலையை முடித்துத் திரும்புகிறவர் அல்ல இவர். நாளைக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் போவார். வழியில் பார்ப்பார், தங்குவார், மறுநாள் வேறு ஊருக்குப் போவார். வணிகர் கண்ணோடு பார்த்தால் இவரிடம் நான்கு குணங்கள் உண்டு.

முதலாவது, இவரால் சரக்கைச் சுமக்க முடியாது. காரில் போகிறவர் சென்னையிலேயே தண்ணீர்ப் பெட்டியும் தின்பண்டமும் வாங்கி வைத்துக்கொள்கிறார். சைக்கிள்காரருக்கு ஒவ்வொரு கிலோவும் காலில் தெரியும். ஆகவே அவ்வப்போது, கொஞ்சம் கொஞ்சமாக, போகிற வழியிலேயே வாங்குவார்.

இரண்டாவது, இவருக்குப் பசி அதிகம். மிதமான வேகத்தில் மிதித்தாலே மணிக்கு 400 முதல் 600 கலோரி செலவாகும். நம் வெயிலில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். ஒன்றரை மணிக்கு ஒரு தடவையாவது எங்காவது நின்றே தீர வேண்டும்.

மூன்றாவது, இவர் மெதுவாக வருகிறார். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் கண்ணில் நம் பலகை படும், வாழைத்தார் படும், நிழல் படும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு நம் கடை ஒரு வண்ணக்கோடு.

நான்காவது, இவர் சொல்லுவார். எந்த ஊரில் யார் கடையில் நல்ல மோர் கிடைத்தது, எங்கே ஏமாற்றினார்கள் என்பது அடுத்து வருகிற ஐம்பது பேருக்கும் தெரிந்துவிடும்.

இவர்களிலேயே இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். 'ப்ரெவே' என்னும் நெடுந்தூர ஓட்டக்காரர்கள். 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள்ளும், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். இது பந்தயம் அல்ல. முதல், இரண்டாவது என்று பரிசு கிடையாது. குறிப்பிட்ட இடங்களைக் கடந்ததற்குச் சான்று வேண்டும். கடையில் வாங்கிய ரசீதில் ஊரும் தேதியும் நேரமும் இருந்தால் அதுவே பல இடங்களில் சான்றாக ஏற்கப்படுகிறது. ஒரு டீயும் பன்னும் வாங்கிவிட்டு 'பில் கொடுங்க' என்று ஒருவர் வற்புறுத்தினால், அவரை வரி அதிகாரி என்று எண்ணிப் பயப்பட வேண்டாம்!

திராட்சை நாடுகளில் நடந்தது

திராட்சைத் தோட்டப் பகுதிக்கும் சைக்கிளுக்கும் ஏன் இவ்வளவு பொருத்தம்? காரணங்கள் மூன்று. ஊர்கள் நெருக்கமாக இருக்கும். தோட்டங்களுக்கு நடுவே சிறு சாலைகள் போகும். விளைந்த பொருளை விளைந்த இடத்திலேயே, விளைவித்தவர் கையாலேயே வாங்கிச் சாப்பிடலாம். இந்த மூன்றும் இருக்குமிடத்தில் சிறு கடை செழிக்கும் என்பதே சாரம்.

ஆஸ்திரியாவில் வியன்னாவைச் சுற்றியுள்ள திராட்சைக் குடியானவர்களுக்கு, தங்கள் தோட்டத்துச் சரக்கைத் தங்கள் வீட்டு வாசலிலேயே விற்றுக்கொள்ளும் உரிமையை 1784-ல் இரண்டாம் ஜோசப் பேரரசர் கொடுத்தார். அன்று விற்பனை உண்டு என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு பச்சைக் கிளையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கிளை தொங்கினால் கடை திறந்திருக்கிறது, இல்லையென்றால் இல்லை. இன்றும் அந்த வழக்கம் உண்டு. டான்யூப் ஆற்றங்கரையோடு ஜெர்மனியின் பஸாவிலிருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளில் வருகிறவர்கள், வழியிலுள்ள வாக்கௌ திராட்சைப் பள்ளத்தாக்கில் அந்தக் கிளையைப் பார்த்து நிற்கிறார்கள். மது நமக்குச் சம்பந்தமில்லாத சரக்கு. அடையாளம்தான் நமக்குப் பாடம். படிக்கத் தெரியாதவரும் வேற்று மொழிக்காரரும் தூரத்திலிருந்தே புரிந்துகொள்ளும் அடையாளம் அது.

ஜெர்மனியில் 85 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு திராட்சைச் சாலை 1935-ல் அமைக்கப்பட்டது. 1985 முதல் ஆகஸ்டு மாதக் கடைசி ஞாயிறன்று அந்தச் சாலையில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் விடுவது வழக்கம். அன்று சாலையோரக் கிராமங்கள் எல்லாம் கடை விரிக்கின்றன. கூட்டம் திருவிழாதான்.

அதே நாட்டில் சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் 1995-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. சைக்கிள் பயணிக்கு ஏற்ற விடுதி எது என்று பார்த்து அதற்கு ஒரு பலகை கொடுப்பது. நிபந்தனைகள் எளியவை: ஒரே ஒரு இரவு தங்க வந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் வேண்டும், நனைந்த துணியை உலர்த்த வசதி வேண்டும், காலைச் சாப்பாடு வயிறு நிறையக் கொடுக்க வேண்டும், சிறு பழுது பார்க்கக் கருவிகள் இருக்க வேண்டும். இவற்றில் பளிங்குத் தரையோ குளிர்சாதனமோ இல்லை என்பதைக் கவனிக்கவும். இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் அந்தப் பலகையை மாட்டியிருக்கின்றன.

பிரான்சில் லுவார் ஆற்றோரம் திராட்சைத் தோட்டங்களையும் பழைய அரண்மனைகளையும் ஒட்டி சுமார் 900 கிலோமீட்டர் சைக்கிள் பாதை இருக்கிறது. அங்கேயும் இதே போல ஒரு பலகை உண்டு. பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் இடங்களுக்கே அதைக் கொடுக்கிறார்கள். காரணம் நமக்கே விளங்கும். கார்க்காரருக்கு 5 கிலோமீட்டர் ஐந்து நிமிடம். மிதிக்கிறவருக்கு அது இருபது நிமிடம், திரும்பி வர இன்னொரு இருபது நிமிடம். சைக்கிள் வணிகம் பாதையோரக் கடைக்கே உரியது. பட்டணத்துப் பெரிய கடை எவ்வளவு மலிவாக விற்றாலும் அதை இழுத்துக்கொள்ள முடியாது.

நம் நாட்டுத் திராட்சைச் சீமை

ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. நமக்குக் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் சுமார் 40 கிலோமீட்டர். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்த பிறகு வந்த தண்ணீரால் செழித்த பூமி. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று அடுத்தடுத்து ஊர்கள். கல் தூண் நட்டு, கம்பி இழுத்து, மேலே பந்தலாகப் படர்ந்த கொடிகள். உச்சி வெயிலிலும் பந்தலுக்கடியில் குளிர்ச்சியாக இருக்கும். பின்னணியில் மேற்குத் தொடர்ச்சி மலை.

அங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற இடங்களில் திராட்சைக்குப் பருவம் உண்டு. கம்பத்திலோ தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து செய்யும் காலத்தை மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை வெட்டுக்கு வரும். ஆகவே ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் பழம் இருக்கும். கம்பத்து வணிகரின் பலம் அது. பலவீனமும் ஒன்று உண்டு. பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லியது. வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. தூரத்துச் சந்தைக்குப் போகப் போக உதிரும், கசியும், விலை இறங்கும். தோட்டத்து வாசலில் நின்று சாப்பிடுகிறவருக்கு விற்ற பழத்தில்தான் கழிவு இல்லை.

ஏலக்காய்க் கொள்முதலுக்காக நாம் போடிக்குப் போவதுண்டு. அப்படிப் போன ஒரு சமயம் சுருளி அருவிச் சாலையில் ஒரு சிறு கடையில் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். வாசலில் திராட்சைப் பெட்டி. பெட்டியாகவும் கிலோவாகவும் கார்க்காரர்கள் வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு சைக்கிள்காரர்கள் வந்து நின்றார்கள். கடையை நடத்தும் அம்மாள் அவர்களிடம் கிலோ விலை சொல்லவில்லை. கால் கிலோ, கால் கிலோவாகக் கழுவி, வாழையிலையில் வைத்து நீட்டினார். குடத்துத் தண்ணீரைக் காட்டி, பாட்டிலில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும் சேர்ந்து போனது. அவர்கள் போன பிறகு கேட்டோம், 'ஏம்மா, தண்ணிக்குக் காசு வாங்கலியே?' என்று. 'தண்ணிக்கு நின்னாத்தானே அண்ணாச்சி பழம் வாங்குவாக!' என்றார். வணிகவியல் பாடம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தோம். கார்க்காரரிடம் பெட்டி விலையில் நெருக்கிப் பேரம் நடந்தது. கால் கிலோ வாங்கினவர்களிடம் பேரமே இல்லை. சில்லறை அளவில் விற்றால் விலையும் நிற்கும், ஆதாயமும் நிற்கும்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு தகவல். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைக் கணவாய் வழியாக மேல்காற்று பலமாக அடிக்கும். கம்பத்திலிருந்து தேனிக்கு இறங்கினால் காற்று முதுகில் தள்ளும். எதிர்த்து ஏறினால் நாள் முழுதும் போராட்டம். மதுரை – தேனி அகல ரயில் பாதை 2022-ல் திறக்கப்பட்டு, 2023-ல் போடி வரை நீண்டுவிட்டது. நம் ஊர் இளைஞர்கள் யாராவது போய்ப் பார்த்து வருவது நல்லது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஆசை காட்டி எழுதுவது நம் வழக்கமல்ல. ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். ஞாயிறுதோறும் காலையில் 10 பேர் ஒரு கடையில் நிற்பதாகவும், ஆளுக்கு ரூ.60 வாங்குவதாகவும் வைத்துக்கொண்டால், வியாபாரம் ரூ.600. நூற்றுக்கு 20 ஆதாயம் என்றால் ரூ.120. மாதம் நான்கு ஞாயிற்றுக்கு ரூ.480. இதனால் யாரும் மாடி வீடு கட்டப் போவதில்லை. ஆனால் கடையின் மின்கட்டணத்தில் ஒரு பங்கு வந்துவிடும். அதற்குப் போடும் முதலோ ஒரு காற்றடிக்கும் பம்பும் ஒரு பெஞ்சும்தான்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. கார்க்காரர் கேட்பது கம்பெனி பானமும் கம்பெனிச் சிப்ஸும். அதில் நமக்கு நிற்பது சொற்பம். சைக்கிள்காரர் கேட்பது வாழைப்பழம், மோர், எலுமிச்சை, வேகவைத்த மல்லாட்டை, கடலை உருண்டை. இவை உள்ளூர்ச் சரக்கு; கழிவு போனாலும் ஆதாய விகிதம் கூடுதல். அந்தப் பணம் வாழைக்காரரிடமும் மோர்க்காரரிடமும் போய், மறுபடி நம் கடைக்கே அரிசி பருப்பு வாங்க வரும். ஊருக்குள் சுற்றுகிற ரூபாயே ஊரைக் காப்பாற்றுகிற ரூபாய்.

நம் கரையில் என்ன இருக்கிறது?

திராட்சை நம்மிடம் இல்லை. ஆனால் திராட்சைச் சீமைக்குச் சொன்ன மூன்று காரணங்களும் நம்மிடம் உண்டு. பொம்மையார்பாளையம், காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம், கீழ்ப்புத்துப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை, மரக்காணம் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. மேற்கே முந்திரித் தோப்புகளுக்கும் செம்மண் காட்டுக்கும் இடையே சிறு சாலைகள் இருக்கின்றன. 1968-ல் தொடங்கிய ஆரோவில்லுக்கு உலகம் முழுவதிலுமிருந்து வருகிறவர்கள் குயிலாப்பாளையத்தில் சைக்கிளை வாடகைக்கு எடுக்கிறார்கள். இரும்பை மாகாளம் பாடல் பெற்ற தலம். திருவக்கரையில் அம்மன் கோயிலும் கல்லாய்ச் சமைந்த மரங்களும் இருக்கின்றன. கழுவெளி ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கார்த்திகை முதல் மாசி வரை வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குகின்றன. மரக்காணத்தில் சோழர் காலத்துப் பூமீஸ்வரர் கோயில். அதற்கப்பால் பாத்தி பாத்தியாக உப்பளம். விடியற்காலையில் உப்பு வாருவதைப் பார்க்க உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆள் வருவார்கள்.

பருவமும் நமக்குச் சாதகம். மழை விட்ட மார்கழி முதல் மாசி வரை மிதிப்பதற்கு நல்ல காலம். அப்போது வாடைக்காற்று வடக்கிலிருந்து வருவதால் சென்னையிலிருந்து புதுச்சேரி நோக்கி வருகிறவருக்குக் காற்று துணை. கோடையில் தென்காற்று எழும், திசையும் மாறும். ஆகவே மார்கழியில் வடக்கிலிருந்து வருகிறவர் களைப்பில்லாமல் வருவார். கோடையில் தெற்கே இறங்குகிறவர் நம் கடைக்கு வரும்போது நாக்கு வறண்டிருப்பார். சரக்கு வைக்கும்போது இதை நினைவில் கொள்ளலாம்.

இது நமக்குப் புதிய தொழிலும் அல்ல. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை நம் பகுதியைத்தான் பாடுகிறது. பரிசு பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் நூல் அது. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் பக்கம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது என்றும் அறிஞர்கள் கூறுவர். கடற்கரை ஊரில் சுட்ட மீன் கிடைக்கும், அடுத்த ஊரில் புளிங்கறி இட்ட சோறு கிடைக்கும், வயல்சூழ் ஊரில் நண்டுக் கறியோடு சோறு கிடைக்கும் என்று ஊர்வாரியாகச் சாப்பாட்டு விவரம் அதில் இருக்கிறது. இன்று சைக்கிள் பயணி தேடும் தகவலும் இதுவேதான்.

உப்பு விற்ற உமணர்களும் நம் முன்னோடிகளே. மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி இறங்கி ஏறும்போது அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்கடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டே அவர்கள் புறப்படுவார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார். வழியில் கடை இல்லாத காலத்தில் பயணியே மாற்று அச்சைச் சுமந்தான். இன்று வழியெல்லாம் கடை இருந்தும் ஒரு பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் கிடைக்கவில்லை என்றால் குறை யாருடையது?

கடையில் இருக்க வேண்டியவை

1. தண்ணீர்: இருபது லிட்டர் கேன் ரூ.40 என்று வைத்தால் ஒரு லிட்டர் இரண்டு ரூபாய். பாட்டிலில் பிடித்துக்கொள்ள இலவசமாகவே விடலாம். வாசலில் 'தண்ணீர் இலவசம்' என்று ஒரு சொல். அதுவே நமக்குப் பச்சைக் கிளை. தண்ணீர்ப் பாக்கெட் 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டிருப்பதை மறக்க வேண்டாம்.

2. உப்புள்ள பானம்: வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் கால் பிடித்துக்கொள்ளும், தலை சுற்றும். உப்புப் போட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் இதற்கு முதல் மருந்து. போடுவது அயோடின் கலந்த உப்பாக இருக்கட்டும். பாத்தியிலிருந்து வந்த கல் உப்பை அப்படியே சமையலுக்கு விற்கச் சட்டம் இடம் தருவதில்லை. 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயரிட்ட இனிப்புப் பானங்கள் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானத்துக்கு அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பழைய சரக்கு அலமாரியில் இருந்தால் பார்த்து அகற்றவும்.

3. கைக்கு அடக்கமான உணவு: வாழைப்பழம், கடலை உருண்டை, எள்ளுருண்டை, பேரீச்சை, முந்திரி ஐம்பது கிராம் பொட்டலம். நம் பகுதி முந்திரியை வெளியூருக்கு மூட்டையாக அனுப்புகிறோம். வாசலில் வந்து நிற்கிறவருக்குக் கொடுக்கச் சிறு பொட்டலம் நம்மிடம் இல்லை. மொத்த வணிகர்களாகிய நமக்கும் இதில் கடமை உண்டு. சிறு பொட்டலம் போட்டுக் கொடுக்காமல், சில்லறைக் கடைக்காரர் விற்கவில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது.

4. காற்று: நம் பழைய சைக்கிள் வால்வு ஒரு வகை. மோட்டார் சைக்கிள் போன்ற தடித்த வால்வு இன்னொரு வகை. வெளிநாட்டு மாதிரி சைக்கிள்களில் நுனியைத் திருகித் திறக்கும் மெல்லிய வால்வு மூன்றாம் வகை. இந்த மூன்றாவதுக்குச் சாதாரண பம்ப் சேராது. நடுவில் ஒரு சிறு பித்தளை அடாப்டர் வேண்டும். விலை மிகக் குறைவு. நிலத்தில் நிற்கும் பம்ப், அந்த அடாப்டர், பஞ்சர் ஒட்டும் சாமான் ஆகிய மூன்றும் இருந்தால் பத்து கிலோமீட்டருக்குள் நம் கடைதான் ராஜா. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பது கூடுதல் வசதி.

5. நிழலும் பெஞ்சும்: சைக்கிள் கண்ணெதிரில் நிற்கும்படி ஓர் இடம். பயணிக்குத் தன் வண்டி கண்ணில் படாவிட்டால் நிம்மதியாக உட்கார மாட்டார். உட்காராதவர் இரண்டாவது டீ கேட்க மாட்டார்.

6. கழிப்பறை: குறிப்பாகப் பெண் பயணிகளுக்கு. கடையில் இல்லாவிட்டாலும் வீட்டில் அனுமதிக்கும் மனம் இருந்தால் அந்தக் கடையை அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

கசப்பான இரண்டு விஷயங்கள்

முதலாவது, விலை. நம்மில் சிலர் குளிர்ந்த பாட்டிலுக்கு 'கூலிங் சார்ஜ்' என்று இரண்டு ரூபாய் கூட்டி வாங்குவது எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டவர் என்றால் இன்னும் கூடுதல். மின்கட்டணம் ஏறிவிட்டது, கம்பெனி கொடுக்கும் கமிஷன் போதவில்லை என்பது உண்மையான குறைதான். அதைக் கம்பெனியிடம் சங்கத்தின் மூலமாகக் கேட்போம். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி குற்றம். குற்றம் என்பதைவிட நஷ்டம் என்று சொன்னால் நமக்கு இன்னும் நன்றாகப் புரியும். 'இவர் மறுபடி வரவா போகிறார்' என்று எண்ணி வாங்கும் இரண்டு ரூபாய், அவருக்குப் பின்னால் வரும் ஐம்பது பேரை அடுத்த கடைக்கு அனுப்புகிறது. கம்பத்து அம்மாளும் அந்தப் பயணிகளை மறுபடி பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவர்களைச் சேர்ந்தவர்களைப் பார்த்திருப்பார்.

இரண்டாவது, சாலையோரம். இதை எழுத நமக்குத் தயக்கம்தான்; ஆனாலும் எழுத வேண்டும். சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் ஓரம்தான் சைக்கிள்காரரின் உயிர்வழி. அந்த ஓரத்தில் நாம் பலகை வைக்கிறோம், பானப் பெட்டிகளை அடுக்குகிறோம், சரக்கு இறக்கும் வண்டியை மணிக்கணக்கில் நிறுத்துகிறோம். அதைச் சுற்றிப் போக அவர் நடுச்சாலைக்கு வர வேண்டியிருக்கிறது. பின்னால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பேருந்து வருகிறது. வெளியூர்ப் பயணி மட்டுமல்ல, பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகளும், உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும் அந்த ஓரத்தில்தான் மிதிக்கிறார்கள். சாலை அகலமாகும்போது இந்த ஆபத்து குறையாது. வேகத்தோடு சேர்ந்து கூடும். நம் கடை வாசலில் ஓர் உயிர் போனால் அதற்குப் பிறகு எந்தக் கணக்கும் நேராகாது. ஓரத்தைக் காலி செய்வது நாளைக் காலை கடை திறக்கும்போதே செய்யக் கூடிய வேலை. ஒரு காசு செலவில்லை.

சங்கம் செய்யக் கூடியது

அடுத்த கூட்டத்தில் மூன்று யோசனைகளை முன்வைக்க விரும்புகிறோம். குயிலாப்பாளையம் முதல் மரக்காணம் வரை, தண்ணீரும் காற்றும் நியாய விலையும் உள்ள கடைகளுக்கு ஒரே மாதிரிப் பலகை. அதில் எழுத்தைவிடப் பெரிதாக ஒரு சைக்கிள் படம். எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று ஒரு பக்கத் தாள் அச்சிட்டு, சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர்களிடமும் விடுதிகளிலும் வைப்பது. மூன்றாவதாக, நான்கு வழிச்சாலை வேலை நடக்கும் இடங்களில் சைக்கிள்களுக்குத் தனி ஓரமும், ஊருக்கு ஊர் கடந்து செல்லும் வழியும் வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்திடம் வணிகர்கள் சார்பாக மனுக் கொடுப்பது. சாலை போட்டு முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது. நடுவில் தடுப்புச் சுவர் வந்துவிட்டால், எதிர்ப்பக்கத்தில் போகிறவர் கண்ணில் நம் கடை பட்டாலும் கால் நம் கடையை எட்டாது.

கம்பத்துக்காரர்களுக்குத் திராட்சை இருக்கிறது. நமக்கு உப்பும் முந்திரியும் மோரும் நிழலும் இருக்கின்றன. களைத்து வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, சரியான எடை போட்டு, அச்சிட்ட விலைக்கே விற்று, ஓரத்தை விட்டு வழி அனுப்பும் கடை எந்தச் சாலையிலும் நிலைக்கும். கருத்துகளையும், தங்கள் கடை அனுபவங்களையும் கூட்டத்துக்கு வரும்போது எழுதிக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.